பதினைந்து பேர் காதில் சொன்ன கவிதைக்கு எதற்கு இத்தனை பயம்?

தோபாயோ_வாசகி:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் எட்டுப் பேர் மாதம் ஒருமுறை இங்கே சிங்கப்பூரில் நூலகத்தில் ஓர் அறையைப் பதிவு செய்துகொண்டு உட்காருவோம். பெரிய அமைப்பெல்லாம் இல்லை. ஒரு புத்தகம், இரண்டு மணி நேரம், ஆளுக்கொரு வீட்டுப் பலகாரம் (அதை வெளியே வந்துதான் சாப்பிடுவோம், உள்ளே கூடாது). இந்த மாதம் பேச வேண்டியது நான். ரஷ்யக் கவிஞர் ஓசிப் மண்டெல்ஷ்டாமை எடுத்துக்கொண்டேன். எடுத்த நாளிலிருந்து தூக்கம் சரியில்லை.

1933 நவம்பரில் ஸ்டாலினைக் கிண்டலடித்து ஒரு சின்னக் கவிதை. அச்சில் வரவில்லை, வர வழியும் இல்லை. நம்பகமான ஆட்களாகப் பார்த்துப் பத்துப் பதினைந்து பேருக்கு வாயால் சொல்லிக் காட்டியிருக்கிறார், அவ்வளவுதான். அதில் யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள். 1934 மே மாதம் ஒரு ராத்திரி வீட்டுக்கு வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். முதலில் எங்கோ தூரத்து ஊருக்கு அனுப்பி, அப்புறம் வரோனெஷ், 1938ல் மறுபடி கைது, அந்த வருஷமே டிசம்பர் 27 அன்று விளாடிவஸ்டோக் பக்கத்தில் கைதிகளை மாற்றி அனுப்பும் முகாம் ஒன்றில் இறந்துபோனார். 47 வயது. அந்தக் கவிதை அவர் கையெழுத்திலேயே இருப்பது எங்கே தெரியுமா? போலீஸ் கோப்பில். விசாரணையில் கேட்டார்கள், உட்கார்ந்து தானே எழுதிக் கொடுத்திருக்கிறார்.

மற்ற கவிதைகளையெல்லாம் அவர் மனைவி நதேழ்தா வருஷக்கணக்காக மனப்பாடமாகவே தூக்கிக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்திருக்கிறார். வீட்டில் வைத்தால் ஆபத்து, தலையில் வைத்தால் யாரும் சோதனை போட முடியாது.

இதை என் மகளிடம் சொன்னேன். உயர்நிலை மூன்று படிக்கிறாள். அவள் கேட்டது இதுதான்: "அம்மா, உங்க புக் 300 காப்பி போட்டாங்க, 200 நம்ம கட்டிலுக்கு அடியிலதான் இருக்கு. உங்களை அரெஸ்ட் பண்ண யாராச்சும் மெனக்கெடுவாங்களா?"

சிரித்துவிட்டேன். ஆனால் கேள்வி சரிதானே? படிக்க ஆளில்லாத கவிதைக்காக ஓர் அரசாங்கம் உளவாளி வைத்து, ராத்திரி வண்டி அனுப்பி, கோப்புப் போட்டு, முகாம் வரைக்கும் கொண்டுபோய், இவ்வளவு செலவு ஏன்? சனிக்கிழமை எங்கள் குழுவிலும் இதைத்தான் கேட்பார்கள். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ரஷ்யாவோடு நிற்க வேண்டாம், நம்ம பக்கத்துக் கதைகள் இருந்தாலும் நல்லது.


பாதிராத்திரி:

அக்கா, உங்கள் மகளுக்கு எண்ணிக்கைக் கணக்கு நன்றாக வருகிறது. அரசாங்கம் போடுவது வேறு கணக்கு. எத்தனை பேர் என்று அது பார்க்காது, யார் என்று பார்க்கும்.

கென்யாவின் ஙூகி வா தியாங்கோவை எடுத்துக்கொள்ளுங்கள். 1977ல் ஆங்கிலத்தில் அவர் நாவல் ஒன்று வந்தது, ஆட்சியாளர்களைக் கிழிகிழி என்று கிழித்தது, ஒருவரும் அவரைத் தொடவில்லை. அதே வருஷம் கமிரீத்து என்ற கிராமத்தில் அவரும் இன்னொருவரும் சேர்ந்து கிகூயு மொழியில் ஒரு நாடகம் போட்டார்கள். நடித்தது எல்லாம் அந்த ஊர்க்காரர்கள்தான், விவசாயிகளும் தொழிலாளிகளும். ஒன்றரை மாதம் ஓடியிருக்கும், உரிமத்தைப் பிடுங்கினார்கள். டிசம்பர் கடைசியில் அவரையே தூக்கி உள்ளே போட்டார்கள், விசாரணை கிடையாது, ஒரு வருஷம். உள்ளே இருந்தபோது கழிப்பறைக் காகிதத்தில் அடுத்த நாவலை எழுதினார், அதுவும் கிகூயுவில். சிறைக் காகிதம் முரடாக இருந்ததால் பேனா நன்றாக ஓடியதாம், உடம்புக்குத்தான் கஷ்டம். 1982ல் அந்தக் கிராமத்துத் திறந்தவெளி அரங்கையும் இடித்துத் தள்ளினார்கள்.

ஆங்கில நாவலைப் படிப்பது யார், நைரோபியில் படித்தவர்கள், லண்டனில் பேராசிரியர்கள். அவர்கள் படித்துவிட்டுக் கட்டுரை எழுதுவார்கள். கிகூயு நாடகத்தைப் பார்ப்பது தேயிலைத் தோட்டத்தில் கூலிக்கு நிற்கிறவன். அவன் பார்த்துவிட்டு மறுநாள் காலை வேலைக்குப் போக வேண்டும் இல்லையா? பயம் அங்கே.

இன்னொன்று, இது சிரிப்புக்கு. 1986ல் அதே மொழியில் ஒரு நாவல் போட்டார், நாயகன் பெயர் மதிகாரி. கிராமத்து ஜனங்கள் மதிகாரி அப்படிச் சொல்கிறான் இப்படிக் கேட்கிறான் என்று பேசிக்கொள்ள, அது அதிபர் காதுக்குப் போக, அந்த ஆளைப் பிடியுங்கள் என்று போலீசை அனுப்பினார்களாம். கதையில் வருகிற ஆள் என்று தெரிந்ததும் புத்தகத்தைப் பிடித்தார்கள். ஙூகியே சொன்ன கதை இது.

நம்ம ஊரில் இதைத் தலைகீழாகப் பார்க்கலாம். இளங்கோவனின் 'தலாக்' நாடகம் (முஸ்லிம் பெண் ஒருத்தியின் மணவாழ்க்கைக் கொடுமை பற்றியது) தமிழில் 1998 கடைசியிலும் 1999லும் மேடையேறியது. சமூகத்துக்குள் கடும் எதிர்ப்பு, மிரட்டல் எல்லாம் இருந்தும் மேடையேறியது. 2000ல் அதையே மலாயிலும் ஆங்கிலத்திலும் போடக் கேட்டபோது உரிமம் இல்லை என்றார்கள். வசனம் அதேதான், கதை அதேதான். தமிழில் இருந்தவரைக்கும் நம்ம வீட்டுச் சண்டை. மொழி மாறினால் அடுத்த வீட்டுக்கும் கேட்குமே.

அதனால் கட்டிலுக்கு அடியில் இருக்கும் 200 பிரதியை மலாயில் மொழிபெயர்த்துப் பாருங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது, வேண்டாம், விடுங்கள்.


சும்மா_பார்க்க:

ஒரு நாடகத்துக்கு லைசென்ஸ் தராததையும், ஆளைப் பனிக்காட்டில் சாகடித்ததையும் ஒரே பதிவில் எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. இரண்டையும் ஒரே தராசில் வைத்தால் மண்டெல்ஷ்டாமுக்குத்தான் அவமானம். இங்கே பல இனம், பல மதம். 1964 இனக்கலவரத்தில் என்ன நடந்தது என்று என் தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன், கேலாங் பக்கம் வீட்டை விட்டு ஓடினவர். கொஞ்சம் கட்டுப்பாடு வேண்டாமா? அவ்வளவுதான் என் கருத்து, சண்டைக்கு வரவில்லை.


பாதிராத்திரி:

சரி, ஒரே தராசில் வைக்கக் கூடாது, ஒத்துக்கொள்கிறேன். எழுதும்போது அவசரப்பட்டுவிட்டேன். நாடக உரிமம் வேறு, முகாம் வேறு.

ஆனால் இங்கே எல்லாமே உரிமத்தோடு நின்றுவிட்டது என்றும் நினைக்க வேண்டாம் அண்ணே. சையத் ஸஹாரி, 'உத்துசான் மெலாயு' பத்திரிகை ஆசிரியராக இருந்தவர். 1963 பிப்ரவரி 2 அன்று விடியற்காலையில் நடந்த பெரிய கைது வேட்டையில் பிடித்தார்கள், 1979ல் விட்டார்கள். வழக்கே நடக்காமல். அரசாங்கம் தன் தரப்பில் கம்யூனிஸ்ட் சதி என்று காரணம் சொன்னது, அவர் கடைசிவரை மறுத்தார். உள்ளே இருந்தபோது கவிதை எழுத ஆரம்பித்தார், 1973ல் அது புத்தகமாக வெளியே வந்தது, அவர் வர இன்னும் ஆறு வருஷம் ஆனது. உங்கள் தாத்தா ஓடினதும் உண்மை, இதுவும் உண்மை.


ஜூரோங்_ஷிஃப்ட்:

நான் இலக்கியம் அதிகம் படிக்கிறவன் இல்லை. ஆனால் கப்பல் பட்டறையில் என்னோடு பன்னிரண்டு வருஷமாக ஒரு பர்மாக்காரர் வேலை பார்க்கிறார், அவர் சொன்னதை எழுதுகிறேன்.

ஒருநாள் பெனின்சுலா பிளாசாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். தெரியாதவர்களுக்கு, ஞாயிற்றுக்கிழமை போனால் அது குட்டி யாங்கோன், தேயிலைச் சாலட் வாசனை படியிலேயே வந்துவிடும். அங்கே அவருக்குத் தெரிந்தவர் ஒருவர் பழைய பத்திரிகைகளை ஒரு மைலோ டின் அட்டைப்பெட்டியில் வைத்திருந்தார். எடுத்துக் காட்டினார். பக்கத்து நடுவில் வெள்ளி நிறத்தில் ஒரு பட்டை. பெயிண்ட் மாதிரி. அச்சடித்து முடித்த பிறகு தணிக்கைக்காரர்கள் இது கூடாது என்றால், திரும்ப அச்சடிக்கக் காசு ஏது, உட்கார்ந்து ஒவ்வொரு பிரதியிலும் அந்த வரியின் மேல் மை பூச வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்தையே கிழிக்க வேண்டும். என் நண்பர் அந்தப் பக்கத்தை ட்யூப்லைட்டுக்கு நேராகச் சாய்த்துப் பிடித்து, பின்பக்கத்திலிருந்து எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டினார். சின்ன வயதில் வீட்டில் எல்லாருமே இப்படித்தான் படிப்பார்களாம். மை பூசின இடத்தைத்தான் முதலில் படிப்பார்களாம். மற்ற பக்கம் எல்லாம் அப்புறம்.

அப்புறம் ஸா வை என்ற கவிஞர் கதையையும் சொன்னார். 2008 ஜனவரியில் காதலர் தினத்துக்காக ஒரு வாரப் பத்திரிகையில் காதல் கவிதை எழுதினார். தணிக்கைக்காரர் படித்தார், காதல்தானே என்று விட்டுவிட்டார். வெளியே வந்த பிறகுதான் ஜனங்கள் கண்டுபிடித்தார்கள், ஒவ்வொரு வரியின் முதல் சொல்லை மட்டும் மேலிருந்து கீழே படித்தால், 'அதிகார வெறி பிடித்த மூத்த ஜெனரல் தான்ஷ்வே' என்று வருகிறது. அப்போதைய ராணுவ ஆட்சித் தலைவர் பெயர் அது. பத்திரிகை பறந்துவிட்டது. அவருக்கு இரண்டு வருஷம் சிறை.

2012 ஆகஸ்ட்டில் அச்சுக்கு முன் தணிக்கை என்பதையே எடுத்துவிட்டார்கள். என் நண்பர் அன்றைக்கு எல்லாருக்கும் தே தாரேக் வாங்கிக் கொடுத்தார். 2021 பிப்ரவரியில் ராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடிக்கும் வரைக்கும்தான் அந்தச் சந்தோஷம். மார்ச்சில் மொன்யுவாவில் கே ஸா வின் என்ற கவிஞரை ஊர்வலத்தில் சுட்டார்கள். மே மாதம் கெட் தி என்ற இன்னொரு கவிஞரை விசாரணைக்கு என்று கூட்டிப்போனார்கள், மறுநாள் மனைவியைக் கூப்பிட்டு உடலைக் கொடுத்தார்கள். நண்பர் அந்த வாரம் பட்டறையில் யாரோடும் பேசவில்லை.


ஈயஎழுத்து:

ஜூரோங் தம்பி சொன்னதோடு ஒரு துண்டுத் தகவல்: நம்ம பாரதி பாடல்களை 1928ல் முதலில் தடை செய்ததே பர்மா அரசாங்கம்தான், வெள்ளைக்காரன் காலம். அதைப் பார்த்துத்தான் சென்னை அரசாங்கமும் தடை போட்டு, இரண்டாயிரம் பிரதிபோல அள்ளிக்கொண்டு போனது. பாரதி செத்து ஏழு வருஷம் ஆகியிருந்தது அப்போது. சட்டமன்றத்தில் சத்தியமூர்த்தி எழுந்து சண்டை போட்டார்.

இனி என் கதை. நான் 1972ல் பதினேழு வயதில் சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் தமிழ் அச்சகத்தில் சேர்ந்தேன். அச்சுக்கோக்கிற வேலை. அச்சகம் பெயர் வேண்டாம், முதலாளியும் இல்லை இப்போது. தமிழுக்குப் பெட்டி பெரிசு, இங்கிலீஷ்காரன் மாதிரி இருபத்தாறோடு முடியாது. கை தானாக அறைக்கு அறை போகும், கண் கையெழுத்துப் பிரதியில் இருக்கும். ஈயத்தைத் தொட்ட விரலால் சாப்பிடக் கூடாது என்று தினமும் ஒரு வாழைப்பழம் கொடுப்பார் முதலாளி, அது எதற்கு என்று இன்றுவரை தெரியாது.

1974ல் பத்திரிகை, அச்சகச் சட்டம் வந்தது. பத்திரிகைக்கு வருஷா வருஷம் அனுமதி, அச்சகத்துக்கு உரிமம், அச்சிட்டவர் பெயர் முகவரி தாளில் இருக்க வேண்டும். அதன் பிறகு எங்கள் முதலாளி கல்யாணப் பத்திரிகையைக்கூட இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் கோக்கக் கொடுப்பார்.

1978 என்று நினைவு. சின்னப் பத்திரிகை ஒன்று, முந்நூறு பிரதி, வாசகி அம்மா உங்கள் கணக்குதான். அதில் ஒருவர் தன் கம்பத்து (கிராமத்து) அத்தாப்பு (ஓலைக்கூரை) வீட்டைப் பற்றி எழுதியிருந்தார். அடுக்குமாடிக்குப் போய்விட்டோம், குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது, ஆனால் சேவல் கூவாமல் எனக்கு விடிய மாட்டேன் என்கிறது என்று. அவ்வளவுதான் ஐயா கவிதை. நான்தான் கோத்தேன், பதினான்கு வரி. புரூஃப் பார்த்த முதலாளி அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். அரசாங்க வீடமைப்பைக் குறை சொல்கிற மாதிரி யாராவது எடுத்துக்கொண்டால்? என்றார். யார் எடுத்துக்கொள்வார்கள் என்று நான் கேட்கவில்லை, எனக்கு வயது இருபத்துமூன்று. கட்டின பக்கத்தை அவிழ்த்து, பதினான்கு வரியையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு பூ பிளாக்கை வைக்கச் சொன்னார். கல்யாணப் பத்திரிகைக்கு வைக்கிற தாமரை.

பத்திரிகை வாங்க அந்தக் கவிஞரே வந்தார். புரட்டினார். தாமரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் பத்திரிகைக் கட்டைச் சைக்கிளில் வைத்துக் கட்டிக்கொண்டு போனார். அடுத்த இதழுக்கு நிலாவைப் பற்றி எழுதிக் கொடுத்தார், அதற்கு அடுத்ததற்கும் நிலா.

எந்த அதிகாரியும் எங்கள் கடைக்கு வரவில்லை. ஒரு கடிதம் வரவில்லை, போன் வரவில்லை. வந்திருந்தால்கூட அவர் இதைப் படித்துவிட்டு, சேவல்தானே, போடுங்கள் என்று சொல்லியிருப்பார் என்றே நான் நினைக்கிறேன். வாசகி அம்மா செலவு செலவு என்று கேட்டீர்களே, எங்கள் சந்தில் அரசாங்கத்துக்கு ஒரு காசு செலவாகவில்லை. எங்கேயோ நாலு பேரைப் பிடித்த செய்தி ஊருக்குத் தெரிந்திருந்தால் போதும், மிச்சத்தை எங்களைப் போன்ற முதலாளியும் அச்சுக்கோப்பவனும் கவிஞரும் சம்பளமில்லாமல் பார்த்துக்கொள்வோம்.

ரஷ்யாவில் வாசிலி கிராஸ்மன் என்று ஒருவர். அவருடைய நாவலைத் தேடி 1961 பிப்ரவரியில் உளவுத்துறை ஆட்கள் வீட்டுக்குள் வந்தார்கள். அவரைக் கைது செய்யவில்லை. கைப்பிரதியை எடுத்தார்கள், கார்பன் தாளை எடுத்தார்கள், தட்டச்சு இயந்திரத்து ரிப்பனையும் உருவிக்கொண்டு போனார்கள். எழுத்து வேலை பார்த்தவன் என்பதால் இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ரிப்பனில் அடித்த எழுத்தின் தடம் இருக்கும், அதைக் கூட்டிப் படிக்க முடியும், அதுவரைக்கும் யோசித்து வந்திருக்கிறான். அவர் 1964ல் இறந்தார். நண்பர்களிடம் ஒளித்து வைத்திருந்த பிரதிகள் இருந்ததால் 1980ல் ஸ்விட்சர்லாந்தில் வந்தது, சோவியத்தில் 1988ல்.


வல்லைவெளி:

நான் யாழ்ப்பாணம். இங்கே வந்து பதினெட்டு வருசம். இந்த இழையை வேலை முடிஞ்சு ரெயினுக்குள் நின்றபடி வாசித்தேன், இறங்க வேண்டிய இடத்தையும் விட்டுவிட்டேன்.

யார் கேட்கிறார்கள் என்ற கணக்கு என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எங்கள் பக்கம் இன்னொரு கணக்கும் இருக்கிறது, மொழியே தெரியாதவன் கவிதை வாசிக்கிற கணக்கு. மன்னாரில் அஹ்னாஃப் ஜஸீம் என்ற பெடியன், தமிழ் ஆசிரியர், 'நவரசம்' என்று ஒரு கவிதைத் தொகுப்புப் போட்டார். 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தார்கள், தீவிரவாதத்தைத் தூண்டுகிறார் என்று. அந்தப் புத்தகத்துக்குள் வன்முறைக்கு எதிரான கவிதைகள் இருக்கின்றன. தமிழ் வாசிக்கிற எவரும் பத்து நிமிசத்தில் சொல்லிவிடுவார்கள். ஆனால் வழக்கு நின்றது பிழையான மொழிபெயர்ப்பின் மேல். 2021 டிசம்பரில்தான் பிணை. விடுதலை 2023 டிசம்பரில், புத்தளம் மேல் நீதிமன்றத்தில். ஒரு கவிதையைச் சரியாக வாசித்து முடிக்க ஒரு அரசுக்கு மூன்றரை வருசம் எடுத்திருக்கிறது.

அரசை மட்டும் சொல்லிவிட்டு நான் போனால் அது பொய். துப்பாக்கி வைத்திருந்தவர்கள் எல்லாரும் கவிதைக்குப் பயந்தவர்கள்தான். யாழ் பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்த செல்வி, கவிதை எழுதியவர். 1991 ஆகஸ்ட்டில் அவரைக் கொண்டுபோனது புலிகள். அடுத்த வருசம் அமெரிக்காவில் பென் என்ற எழுத்தாளர் அமைப்பு அவருக்கு விருது கொடுத்தது, வாங்க அவர் வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை. அதே 1991 மே மாதம் சிவரமணி தன் கையிலிருந்த கவிதைகளை எரித்துவிட்டு உயிரை விட்டார். இருபதுகளில் இருந்த பிள்ளைகள். என் பெரியக்காவுக்கு இவர்கள் வயசு. அக்கா அந்த நாட்களில் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தவர், அம்மா ஒரு நாள் அதை எடுத்து அடுப்புக்குள் வைத்துவிட்டார். யாரும் வந்து கேட்கவில்லை, ஐயா எழுதினதுபோல. தேங்காய்ப்பாலுக்கு அடுப்பு மூட்டுகிற மாதிரித்தான் வைத்தார். அக்கா இப்ப கனடாவில், கதைத்தால் எல்லாம் கதைப்பார், அந்தக் கொப்பியைப் பற்றி மட்டும் இல்லை.


சும்மா_பார்க்க:

வல்லைவெளி, இதற்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. படித்தேன்.

ஈயஎழுத்து ஐயா, அந்தச் சேவல் கவிதை உங்களுக்கு முழுசாக ஞாபகம் இருக்கிறதா?


ஈயஎழுத்து:

பதினான்கில் ஒன்பது வரி இருக்கிறது தம்பி. கோத்தவன் கைக்கு ஞாபகம் அதிகம், ஆனால் தலைகீழாகத்தான் இருக்கும், ஈய எழுத்து கண்ணாடி பிம்பம் அல்லவா. அவர் குடும்பத்தாரைக் கேட்காமல் இங்கே போட மாட்டேன். மகன் ஈசூனில் இருக்கிறார், கேட்டுப் பார்க்கிறேன்.

இன்னொன்று எழுத விட்டுப்போனது, வாசகி அம்மா கேட்ட நம்ம பக்கத்துக் கதை. இந்தியாவில் நெருக்கடிநிலை, 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சியைக் கலைத்தார்கள், ராத்திரியோடு ராத்திரியாக ஆட்களைப் பிடித்தார்கள். யார் யாரைப் பிடித்தார்கள் என்று பத்திரிகையில் போட முடியாது, தணிக்கை. பிப்ரவரி 3 அண்ணா நினைவுநாள். முரசொலியில் கலைஞர் ஒரு பட்டியல் போட்டார்: அண்ணா சதுக்கத்துக்கு மலர்வளையம் வைக்க வர இயலாதவர்கள். மாவட்ட வாரியாகப் பெயர். தணிக்கை அதிகாரிக்கு அதில் என்ன தப்பு, வர முடியவில்லை என்கிறார்கள், பாவம் உடம்பு சரியில்லையோ என்னவோ. படித்தவன் எல்லாருக்கும் புரிந்தது, இன்னின்னார் உள்ளே. அந்த இதழ் எங்கள் கடைக்குக் கப்பலில் வந்து சேர்ந்தபோது முதலாளி படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். அதே முதலாளிதான், இரண்டு வருஷம் கழித்துத் தாமரை வைத்தவர்.


தோபாயோ_வாசகி:

எல்லாருக்கும் நன்றி, சனிக்கிழமை முடிந்தது. வழக்கமாக இரண்டு மணி நேரம், இந்தத் தடவை நூலகக் காவலர் வந்து கதவைத் தட்டும்வரை உட்கார்ந்திருந்தோம். ஐயாவின் தாமரையையும் வல்லைவெளியின் அக்கா கொப்பியையும் பெயர் இல்லாமல் சொன்னேன், கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். தாமரைக் கதை முடிந்ததும் எங்கள் குழுவில் எப்போதும் வாய் ஓயாத ஒருவர், போன வருஷப் போட்டிக்கு அனுப்பிய தன் கதையில் ஒரு பத்தியை அனுப்புவதற்கு முந்தின ராத்திரி எடுத்துவிட்டதைச் சொன்னார். என்ன பத்தி என்று கேட்டால் சொல்லவில்லை.

மனப்பாட விஷயத்தையும் சோதித்துப் பார்த்தேன். அன்னா அக்மதோவா ஒரு துண்டுத் தாளில் கவிதையை எழுதிக் காட்டுவாராம், சுவரில் காது இருக்கும் என்பதால் வாய் மட்டும் டீ குடிக்கிறீர்களா என்று சத்தமாகக் கேட்குமாம், தோழி லிதியா படித்து மனதில் ஏற்றியதும் தாளைச் சாம்பல் கிண்ணத்தில் எரித்துவிடுவார்களாம். நானும் என் மகளும் பன்னிரண்டு வரி எடுத்துக்கொண்டோம், எரிக்கவில்லை, புகை எச்சரிப்புக் கருவி கத்தும் என்று தாளை அலமாரியில் பூட்டினோம். செவ்வாய்க்கிழமை இரண்டு பேரும் பன்னிரண்டு, வியாழக்கிழமை எனக்கு ஒன்பது, அவளுக்குப் பதினொன்று. நதேழ்தா அம்மாள் எத்தனை வருஷம் தூக்கிக்கொண்டு திரிந்தார் என்று யோசித்தால் மலைப்பாக இருக்கிறது.

ஜூரோங் தம்பி, உங்கள் பர்மியக் கவிஞர் கதையை மகளிடம் சொன்னதுதான் வினையாகப் போனது. திங்கட்கிழமை ஃபிரிட்ஜில் ஒரு கவிதை ஒட்டியிருந்தாள். தமிழில் அவளாக எழுதியது. எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது, உடனே படம் பிடித்துக் குடும்பக் குழுவில் போட்டு, பாருங்கள் என் பிள்ளையை என்று எல்லாரிடமும் பீற்றிக்கொண்டேன்:

அம்மா நட்ட துளசிக்குத் தண்ணீர் விட்டேன்
சனிக்கிழமை மழையும் தன் பங்குக்கு விட்டது
டியூஷன் முடிந்து வரும் வழியெல்லாம் ஈரம்
வேண்டாம் என்றாலும் குடைக்குள் வந்தது காற்று

புதன்கிழமை ராத்திரிதான் என் தங்கை போன் பண்ணினாள், சிரிப்பை அடக்க முடியாமல். முதல் சொல்லை மட்டும் மேலிருந்து கீழே படி என்றாள்.